நகரசாமிக்குச் சொன்ன முகவரி

1

நகரியிலும் புத்தூரிலும் சத்தியவேட்டிலும் இதைப் படிக்கிறவர்களுக்கு முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன். நானும் என் வீட்டுக்காரரும் மகளும், மூன்று பேரும் நன்றாக இருக்கிறோம். இங்கே தைவானில் பாம்பைச் சாப்பிடச் சொல்லி எங்களை யாரும் வற்புறுத்துவதில்லை. ஊருக்கு வரும்போதெல்லாம் நீங்கள் அதைத்தான் முதலில் கேட்கிறீர்கள்.

இன்று காலை லின் அக்கா மேலே வந்து கதவைத் தட்டினார். நாங்கள் குடியிருக்கும் மூன்றாவது மாடிக்கு நேர் கீழே அவருடைய பன் கடை. மூங்கில் கூடைகளை அடுக்கி ஆவியில் வேகவைத்து விற்பார். மதியத்துக்கு மேல் கடையை மருமகளிடம் விட்டுவிட்டு, இரண்டு தெரு தள்ளியிருக்கும் கோயிலுக்குச் சேவைக்குப் போய்விடுவார். கையில் ஒரு படிவம் வைத்திருந்தார்.

"இந்த வருஷமும் ஊர்வலத்துல வர்றியா? இல்ல, போன வருஷமே பாவமெல்லாம் தீர்ந்துபோச்சா?" என்று அவர் சீனத்தில் கேட்டதை நம் தமிழில் எழுதுகிறேன். அவர் குரலில் இருந்த கிண்டலை எழுத்தில் கொண்டுவர முடியவில்லை.

படிவத்தை வாங்கி, கதவருகே நின்றபடியே பெயரும் பிறந்த நாளும் எழுதினேன். முகவரியையும் மளமளவென்று எழுதி நீட்டினேன். லின் அக்கா அதைப் படித்துப் பார்த்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தார். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. போன வருடம் இதே முகவரியைச் சொல்ல முடியாமல் நான் அந்தக் கோயிலில் திருதிருவென்று முழித்த கதை ஒன்று இருக்கிறது. அதைத்தான் சொல்ல வந்தேன்.

2

கோயிலைப் பற்றி முதலில் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் எதுவும் புரியாது.

தைவானில் பழைய ஊர்களில் எல்லாம் இப்படி ஒரு கோயில் இருக்கும். நகரத்துக்கென்றே ஒரு சாமி. சீனத்தில் அவருடைய பெயருக்கு 'மதிலும் அகழியும்' என்று பொருளாம். ஆதியில் ஊரைக் காத்தது மதிலும் அகழியும்தான், அதனால் மக்கள் அவற்றையே கும்பிட்டார்கள். பிறகு மதிலுக்கு ஒரு முகம் வந்தது, மீசை வந்தது, பட்டு அங்கி வந்தது. அரசர்கள் சும்மா இருப்பார்களா? சாமிக்கு உத்தியோகம் கொடுத்துவிட்டார்கள். சின்ன ஊர் சாமிக்குச் சின்னப் பதவி, பெரிய ஊர் சாமிக்குப் பெரிய பதவி. நன்றாக வேலை பார்த்த சாமிக்கு பிரமோஷன்கூட உண்டாம். நேர்மையாக இருந்து செத்துப்போன அதிகாரிகளை மேலுலகத்தில் கூப்பிட்டு, ஆளில்லாத ஊர்களுக்கு நகரசாமியாக நியமிப்பார்கள் என்றும் சொல்கிறார்கள்.

இதைக் கேட்டதும் எனக்கு அந்தச் சாமியை ரொம்பப் பிடித்துப்போனது. நம் நகரி எல்லையில் உட்கார்ந்திருக்கும் தேசம்மா அம்மனுக்கு கவர்ன்மென்ட் வேலை கிடைத்தால் எப்படி இருக்கும்? அதேதான்.

உள்ளே போனால் கோயில் மாதிரியே இருக்காது, கலெக்டர் கச்சேரி மாதிரி இருக்கும். நடுவில் சாமி. இரண்டு பக்கமும் எழுத்தர்கள், ஏடும் தூரிகையுமாக. உயிரோடு இருப்பவர்களுக்குக் கலெக்டர், செத்தவர்களுக்கு நகரசாமி, இருவருக்கும் ஒரே எல்லை என்பது அந்தக் காலத்து ஏற்பாடு. புதிதாக மாற்றலாகி வரும் அதிகாரி, பொறுப்பை ஏற்பதற்கு முன் இங்கே வந்து 'நியாயமாக நடப்பேன்' என்று சத்தியம் செய்ய வேண்டுமாம். வாசலுக்கு மேலே உள்பக்கமாக ஒரு பலகை தொங்குகிறது. 'வந்துவிட்டாயா' என்று எழுதியிருக்கிறது. முதல் தடவை லின் அக்கா அதைப் படித்துச் சொன்னபோது நான் ஒரு அடி பின்னால் நகர்ந்தேன்.

சாமிக்கு இரண்டு காவலர்கள். ஒருவர் பனைமரம் போல உயரம், வெள்ளை அங்கி, நாக்கு வெளியே தொங்கும். மற்றவர் குள்ளம், கன்னங்கரேல் என்று இருப்பார். இருவரும் உயிர் நண்பர்கள். ஒரு நாள் பாலத்தடியில் சந்திப்பதாகப் பேச்சு. மழை பிடித்துக்கொண்டது, நெட்டையர் வரத் தாமதமாகிவிட்டது. சொன்ன இடத்தை விட்டு நகர மாட்டேன் என்று நின்ற குள்ளரை வெள்ளம் கொண்டுபோய்விட்டது. வந்து பார்த்த நெட்டையர் தூக்கு மாட்டிக்கொண்டார், நாக்கு அதனால்தான். திருவிழாவில் இவர்களுடைய பெரிய பொம்மைகளுக்குள் ஆள் புகுந்துகொண்டு கையை வீசி வீசி நடப்பார்கள். கழுத்தில் ஓட்டை போட்ட உப்பு ரொட்டிகளை மாலையாகக் கோத்துப் போட்டிருப்பார்கள். ஆஞ்சநேயருக்கு வடைமாலை சாத்துகிற மாதிரியேதான். அதைப் பிள்ளைகளுக்குப் பிய்த்துக் கொடுப்பார்கள். என் மகள் லாஸ்யா மூன்று வயதிலிருந்து அந்த ரொட்டி தின்று வளர்ந்தவள்.

சாமிக்கு ஒரு மனைவியும் உண்டு, பின்கட்டில் தனி அறை, கண்ணாடி, சீப்பு, பவுடர் எல்லாம் வைத்திருக்கிறார்கள். திருப்பதி மலைமேல் சாமி இருக்க, தாயாருக்குக் கீழே திருச்சானூரில் தனிக் கோயில் இருப்பது எனக்கு உடனே நினைவுக்கு வந்தது. இவர்கள் ஒரே வளாகத்தில் இருக்கிறார்களே, பரவாயில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

3

இப்போது நைனா கதை.

என் அப்பா முனிரத்தினம், நகரியில் நாலு பவர்லூம் ஓட்டுகிறார், உள்பாவாடைத் துணி. அம்மா இறந்தபோது நான் மூன்றாவது நாள்தான் போய்ச் சேர முடிந்தது. விமானம் கிடைக்கவில்லை, லீவு கிடைக்கவில்லை என்று ஆயிரம் காரணம் சொல்லலாம். நைனா ஒரு வார்த்தை கேட்கவில்லை. "துன்னியாம்மா?" என்று மட்டும் கேட்டார். அந்தக் கேள்வி இன்னும் எனக்குள் கிடந்து அறுக்கிறது. அவரை இங்கே கூட்டிவந்து ஒரு மாதமாவது கண்ணெதிரே உட்காரவைத்துச் சோறு போட வேண்டும் என்று அன்றைக்கே முடிவு செய்தேன்.

முதல் தடவை விசா விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது. அது எங்கள் தப்புதான். படிவத்தை புத்தூரில் ஒரு பிரவுசிங் சென்டரில் வைத்து நிரப்பியிருக்கிறார். 'எத்தனை நாள் தங்குவீர்கள்?' என்ற கேள்விக்கு நைனா, "பொண்ணு போன்னு சொல்ற வரிக்கும்" என்று சொல்ல, அங்கே டைப் செய்த மகராசன் அதை அப்படியே ஆங்கிலத்தில் தட்டிவிட்டான். யார் விசா கொடுப்பார்கள்?

இரண்டாவது தடவை நானே இங்கிருந்து நிரப்பினேன். அதில் வேறொரு சிக்கல். நான் பிறந்தது புத்தூர் ஆஸ்பத்திரியில். என் பாஸ்போர்ட்டில் சித்தூர் மாவட்டம். புதிதாக வாங்கிய பிறப்புச் சான்றிதழில் திருப்பதி மாவட்டம், ஏனென்றால் இடையில் மாவட்டத்தைப் பிரித்துவிட்டார்கள். நைனாவுடைய தாள்களில் சித்தூர். குடும்பச் சான்றிதழ் தெலுங்கில். அவர் பேசுவதோ தமிழ். 'இவர் உங்கள் தகப்பனார்தான் என்பதற்கு விளக்கக் கடிதம் தேவை' என்று கேட்டார்கள். நாங்கள் ஒரு அடிகூட நகரவில்லை ஐயா, மாவட்டம்தான் நகர்ந்தது என்று நாகரிகமான ஆங்கிலத்தில் இரண்டு பக்கம் எழுதினேன்.

ஒவ்வொரு தாளுக்கும் நைனா தறியை நிறுத்திவிட்டு ஓடினார். எம்.ஆர்.ஓ. என்கிற தாசில்தார் ஆபீசில் தெலுங்கு, சென்னை விசா ஆபீசில் தமிழ், படிவத்தில் ஆங்கிலம். கடைசியில் அவருக்கே அலுத்துவிட்டது.

"கோமதி, இதான் கடைசி வாட்டி. இதுவும் வரலன்னா என்னை வுட்டுரு. இந்த வயசுல பையத் தூக்கிக்கினு ஆபீஸ் ஆபீஸா அலைய என்னால ஆவாது" என்றார் வீடியோவில். பின்னால் தறி ஓடிக்கொண்டிருந்தது, கத்தித்தான் பேசினார். ஆனாலும் அது மெதுவாகச் சொன்ன மாதிரிதான் எனக்குக் கேட்டது.

லாஸ்யா அந்தப் பக்கமாக வந்து, "தாத்தா நீ ஹாவ்" என்று சீனத்தில் ஒரு வணக்கம் போட்டுவிட்டு ஓடிப்போனாள். பத்து வயது. வீட்டுக்குள் தமிழில் கேட்டால் சீனத்தில் பதில் வரும். தெருவில் நான் தமிழில் கூப்பிட்டால் யாரையோ கூப்பிடுகிறேன் என்பது போல நடப்பாள். நைனா திரையில் அவள் ஓடிய பக்கமாகக் கழுத்தை நீட்டிப் பார்த்தார்.

4

அந்த வாரம்தான் லின் அக்காவிடம் புலம்பினேன். அவர் கூடையை மூடிவிட்டு, "இது ஆபீஸ் சமாச்சாரம். ஆபீசர் சாமிகிட்டதான் கேக்கணும், வா" என்று இழுத்துக்கொண்டு போனார்.

அங்கே கேட்கும் முறை இது. பிறை வடிவத்தில் இரண்டு சிவப்பு மரத்துண்டுகள் கொடுப்பார்கள். ஒரு பக்கம் தட்டை, ஒரு பக்கம் உருண்டை. கேள்வியைச் சொல்லி இரண்டையும் தரையில் போட வேண்டும். ஒன்று நிமிர்ந்து ஒன்று கவிழ்ந்தால் சாமி சரி சொல்கிறார். இரண்டும் கவிழ்ந்தால் இல்லை என்று அர்த்தம். இரண்டும் தட்டைப் பக்கம் மேலாக விழுந்தால் சாமி சிரிக்கிறார் என்று பொருள்.

நான் மண்டியிட்டேன். சீனம் வேண்டாம், அழுகை வரும்போது எனக்குச் சீனம் வராது. தமிழிலேயே, "சாமி, எங்க நைனாவுக்கு விசா கெடைக்கணும்" என்று சொல்லிப் போட்டேன். சிரித்தார். மறுபடி போட்டேன். மறுபடி சிரித்தார். மூன்றாவது தடவையும் இரண்டு துண்டும் மல்லாந்து கிடந்தன. எனக்குக் கோபம் வந்துவிட்டது. இந்த ஊரில் சாமிகூட நம்மைப் பார்த்துச் சிரிக்கிறதே!

லின் அக்கா குனிந்து, "பேர் சொன்னியா? பொறந்த நாள்? அட்ரஸ்?" என்று அடுக்கினார்.

அட்ரஸா? நம் கோயிலில் பெயர், நட்சத்திரம், கோத்திரம் கேட்பார்கள். கதவு எண் கேட்கிற சாமியை நான் அன்றைக்குத்தான் பார்த்தேன். சரி என்று, தேசம்மா கோயில் தெரு, நகரி, சித்தூர் மாவட்டம், ஆந்திரப் பிரதேசம் என்று பின்கோடு உட்பட ஒப்பித்துப் போட்டேன்.

சிரித்தார்.

"என்ன அட்ரஸ் சொன்ன?" என்றார் லின் அக்கா. சொன்னேன். அவர் தலையில் கைவைத்துக்கொண்டார். "அடியே, அது இவரோட எல்லையே இல்லையே! அந்த ஊரு தாள் இவர் மேசைக்கு வந்தா இவர் என்ன பண்ணுவார்? சிரிக்காம? நீ எங்க குடியிருக்க, அதச் சொல்லு. உங்கப்பா வரப்போறதும் அங்கதான்."

மரத்துண்டுகளைக் கையில் உருட்டிக்கொண்டே இருந்தேன். தெரியாமல் இல்லை. அந்த முகவரியை மின்சார ரசீதில் எழுதியிருக்கிறேன், பள்ளிக்கூடத்தில் எழுதியிருக்கிறேன், பார்சல்காரனிடம் ஆயிரம் முறை கத்தியிருக்கிறேன். ஆனால் ஒரு தெய்வத்துக்கு முன்னால் மண்டியிட்டு 'இதுதான் என் வீடு' என்று சொன்னது கிடையாது. சொன்னால் நகரியிலிருந்து என் பெயரை நானே அடித்துவிடுவது போல ஒரு பயம். எட்டு வருடமாக ஒரு வாடகை வீட்டில் இருந்துகொண்டு, ஊருக்குப் போகிற பெட்டியைக் கட்டிலுக்கு அடியிலேயே வைத்திருக்கிற ஆள் நான்.

பக்கத்தில் ஒரு கிழவர் தன் முறைக்காகக் காத்திருந்தார். கடைசியில் மூன்றாவது மாடி, பன் கடைக்கு மேலே, இன்ன தெரு, இன்ன நகரம் என்று சொன்னேன். போட்டேன். ஒன்று நிமிர்ந்தது, ஒன்று கவிழ்ந்தது.

லின் அக்கா என் முதுகில் ஓங்கி ஒன்று வைத்தார். "வந்தார்னா ஊர்வலத்துல கழுத்துப் பலகை மாட்டிக்கினு வர்றேன்னு வேண்டிக்க." அந்தக் காலத்தில் குற்றவாளிகளின் கழுத்தில் பூட்டிய சதுரப் பலகையைக் காகிதத்தில் செய்து, தப்பு செய்தவர்கள் தாங்களே மாட்டிக்கொண்டு சாமி பின்னால் நடப்பார்கள். முடிவில் கோயிலில் அதைக் கழற்றி எரித்துவிடுவார்கள். என் தப்பு எனக்குத் தெரியும். மூன்று நாள் தாமதம். உடனே வேண்டிக்கொண்டேன்.

என் வீட்டுக்காரரிடம் சொன்னால் அவர், "நீ சாமிகிட்டயும் அப்ளிகேஷன் போட்டுட்டு வந்துட்டியா? அக்னாலெட்ஜ்மென்ட் குடுத்தாரா?" என்றார். சத்தியவேட்டுக்காரர், பேச்சு அப்படித்தான் இருக்கும்.

பதினேழாவது நாள் விசா வந்தது. என் இரண்டு பக்கக் கடிதத்தால் வந்ததா, சாமியால் வந்ததா என்று இன்றைக்கும் எங்கள் வீட்டில் வாக்குவாதம் நடக்கிறது.

5

நைனா ஒரு பெட்டி நிறையக் காராபூந்தியும், லாஸ்யாவுக்குப் பட்டுப்பாவாடையும் கொண்டு வந்து இறங்கினார். முதல் வாரம் கண்ணில் பட்டதற்கெல்லாம் ஆச்சரியப்பட்டார். குப்பை வண்டி பாட்டுப் பாடிக்கொண்டு வருவதைப் பார்த்து, ஐஸ் வண்டி என்று டம்ளரை எடுத்துக்கொண்டு கீழே இறங்கிவிட்டார். தெருவே சிரித்தது, அவரும் சிரித்தார். லின் அக்காவுக்கும் அவருக்கும் ஒரு பொது மொழியும் கிடையாது. இவர் தமிழிலும் தெலுங்கிலும் பேசுவார், அவர் சீனத்தில் பேசுவார், அரை மணி நேரம் போய்விடும். காய்கறி பன் எது, கறி பன் எது என்பதை மட்டும் இருவரும் சைகையிலேயே தீர்த்துக்கொண்டார்கள்.

இரண்டாவது வாரம் நகரசாமியின் பிறந்தநாள் ஊர்வலம். காலையில் நான் காகிதப் பலகையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு வெளியே வந்தேன். நைனா காப்பியைக் கீழே வைத்துவிட்டார்.

"இன்னாம்மா இது? போலீசுல புட்ச்சவங்க மாதிரி! எத்த திருடுன?"

"வேண்டுதல் நைனா."

"யாருக்கு?"

"உனுக்குத்தான்."

அவர் சட்டையை மாட்டிக்கொண்டு, குடையை எடுத்துக்கொண்டு கூடவே இறங்கினார்.

வெயில் மண்டையைப் பிளந்தது. முன்னால் தாரை தப்பட்டை, வெடி, பல்லக்கில் சாமி. நெட்டையரும் குள்ளரும் கையை வீசிக்கொண்டு ஆடிவந்தார்கள். முகத்தில் சாயம் பூசிய கூட்டம் ஒன்று சூலத்தை ஆட்டிக்கொண்டு போனது. திருப்பதியில் நான் காலேஜ் படித்தபோது பார்த்த கங்கம்மா ஜாத்திரை அப்படியே எழுந்து வந்த மாதிரி இருந்தது. அங்கேயும் மீசை வைத்த ஆம்பிளைகள் புடவை கட்டி, முகத்தில் சாயம் பூசி, ஆட்டம் போட்டுக்கொண்டு வருவார்கள். ஜாத்திரைக்குச் சாட்டிவிட்டால் ஊரை விட்டு வெளியே தங்கக்கூடாது என்று ஹாஸ்டல் சமையற்கார அக்கா எங்களை மிரட்டுவார். அங்கேயும் சாமிக்கு எல்லைதான் முக்கியம்.

"நம்ம ஜாத்திரையேதாம்மா!" என்றார் நைனா குடையை என் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டு. "வேஷம் மட்டும் கொஞ்சம் காஸ்ட்லி."

லாஸ்யா நெட்டையர் கழுத்திலிருந்து இரண்டு ரொட்டி வாங்கி வந்து, ஒன்றைத் தாத்தா வாயில் வைத்தாள். "துன்னு தாத்தா, நோய் வராது" என்றாள். அந்த 'துன்னு' அவளுக்கு எங்கிருந்து வந்தது? இரண்டு வாரத்தில் தாத்தாவிடமிருந்துதான். நான் கேட்காத மாதிரி நடந்தேன். கேட்டதாகக் காட்டிக்கொண்டால் நிறுத்திவிடுவாள்.

கோயிலில் என் கழுத்துப் பலகையைக் கழற்றித் தீயில் போட்டார்கள். காகிதம்தான், எடையே இல்லை. ஆனால் கழற்றியதும் கழுத்து லேசாகிவிட்டது. பொய் சொல்லவில்லை.

6

நைனா மரத்துண்டுகளைக் காட்டி, "நான் ஒரு வாட்டி போட்டுப் பாக்கட்டுமா?" என்றார். என்னைத் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டார். லாஸ்யா மட்டும் கூடப் போனாள். நான் தூணருகே நின்று பார்த்தேன்.

வேட்டியை ஒதுக்கிக்கொண்டு மண்டியிட்டார். உதடு அசைந்தது. போட்டார். சிரிப்பு. மறுபடி போட்டார். மறுபடி சிரிப்பு. லாஸ்யா பெரிய மனுஷி மாதிரி இடுப்பில் கைவைத்துக்கொண்டு ஏதோ கேட்டாள். அவர் பதில் சொன்னார். அவள் பலமாகத் தலையை ஆட்டி மறுத்தாள். பிறகு அவர் காதருகே குனிந்து, ஒவ்வொரு வார்த்தையாகச் சொல்லிக்கொடுத்தாள். அவர் பின்னாலேயே திருப்பிச் சொல்லிக்கொண்டு வந்தார். மூன்றாவது மாடி என்பது மட்டும் என் காதில் விழுந்தது. போட்டார். ஒன்று நிமிர்ந்தது, ஒன்று கவிழ்ந்தது. லாஸ்யா குதித்தாள்.

வெளியே வந்ததும் கேட்டேன். "அப்படி இன்னா கேட்ட நைனா?"

"கேக்கலம்மா, சொன்னேன்."

"இன்னா சொன்ன?"

செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னார். "எம் பொண்ணு நகரியில இருந்து வந்துகீறா, கொஞ்சம் பாத்துக்க சாமின்னேன். சிரிச்சாரு. ரெண்டாவது வாட்டியும் அதியே சொன்னேன், அதுக்கும் சிரிச்சாரு. இந்தக் குட்டிதான், நகரின்னா அவருக்குச் செல்லாது தாத்தா, எங்க வூட்டு அட்ரஸ் சொல்லுன்னா. சரின்னு அவ சொன்ன அட்ரஸச் சொல்லி, இவ இனிமே உங்க ஊரு பொண்ணு, உங்க ஏட்டுல எழுதிக்குங்கன்னேன். எழுதிக்கினாரு."

கல்யாணத்தன்று என்னைத் தாரை வார்த்துக் கொடுத்தபோதுகூட நைனா இவ்வளவு நிதானமாக இருக்கவில்லை. அன்றைக்கு அவர் அழுதார், நான் சிரித்துக்கொண்டிருந்தேன். இப்போது நடுத்தெருவில், வெடிப்புகைக்கு நடுவே, நான்தான் ஓவென்று அழுதேன். அம்மா போனபோது நைனா என்னை ஒரு கேள்வியும் கேட்காமல் இருந்தது மன்னித்ததால்தான் என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது. லாஸ்யா பயந்துபோய் என் கையைப் பிடித்து, "அம்மா, ஏம்மா அழுவுற?" என்றாள். நல்ல தமிழில், நடுத்தெருவில், அத்தனை பேர் கேட்க.

"இதுக்கு ஏன் அழுவுற? பசிக்குது, வா போலாம்" என்று நைனா நடையைக் கட்டினார். நாலு எட்டு போனவர், குடையை என் பக்கம் சாய்த்துக்கொண்டு திரும்பினார்.

"நகரியில உம் பேர அடிக்க வாணாம்னு, வர்றதுக்கு முன்னாலயே தேசம்மாகிட்ட சொல்லிட்டுத்தான் வந்தேன். ரெண்டு எடத்துலயும் இருக்கட்டும்."